ஆறாவது பாட்டில் வரும் குருவி

ஸ்டுட்கார்ட்
8-8-1993

அன்புள்ள அக்காவுக்கு, கேசவன் எழுதுவது.

நான் நலம். சாப்பாட்டைப் பத்திக் கேட்காதே, உருளைக்கிழங்கு மட்டும்தான் தெரிஞ்ச முகம். அதைப் பார்க்கும்போதெல்லாம் பாவாவின் மண்டி ஞாபகம் வருது.

எங்க கம்பெனி வேலுமணி ட்ரெயினிங் முடிஞ்சு அடுத்த வாரம் கோயமுத்தூர் வர்றான். அவன் கையில ஒரு வீடியோ கேசட் குடுத்திருக்கேன். அது உன் பொண்ணு பூஜிதாவுக்கு. உனக்கும் இல்லை, உன் வீட்டுக்காரர் பாவாவுக்கும் இல்லை. உங்க வீடியோ டெக்ல அப்படியே ஓடும், ஜப்பான் கேசட் மாதிரி கறுப்பு வெள்ளையா வராது. கடைக்காரன் எவன்கிட்டயும் குடுத்து 'சரி பண்ண' வேண்டாம்.

பொம்மைப் படம். எட்டுப் பாட்டு, எட்டுக் கதை. பாட்டுன்னா பாடறது இல்லை, வாத்தியம் மட்டும். இந்த ஊர்க்காரங்களோட பழைய சாஸ்திரிய சங்கீதம். அதுக்குத் தகுந்த மாதிரி கையால வரைஞ்ச படம் ஆடும். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அதுக்காகவேதான் வாங்கினேன். வார்த்தை இருந்தா குழந்தை வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு இசையை விட்டுடும். அஞ்சு வயசுக்குள்ள காதுல என்ன விழுதோ அதுதான் மூளையில பதியும்னு இங்கே ஒரு பத்திரிகையில படிச்சேன். நாம வளர்ந்த வீட்டுல லேத் சத்தமும் ரேடியோவுல விவசாய நிகழ்ச்சியும்தான். இவளாவது வேற எதையாவது கேட்டு வளரட்டும்.

நான் தங்கியிருக்கிற வீட்டம்மாவோட பையன் மார்க்குஸ் இதே படத்தைத் தினம் போட்டுச் சிரிக்கிறான்.

தையில பூஜிதா காதுகுத்துக்குப் பதினஞ்சு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டேன். நான் வர முடியலைன்னா பெரியம்மா பையன் அரங்கசாமி மடியில உட்கார வெச்சுக்கலாம்னு பாவா சொன்னாராமே. அந்தப் பேச்சே வேண்டாம். கூடப்பிறந்த தாய்மாமன் நான் உயிரோட இருக்கேன். என் மடியிலதான் உட்காரணும்.

கேசவன்


மேட்டுப்பாளையம்
2-9-1993

தம்பி கேசவனுக்கு, அக்கா கோமளா ஆசீர்வதித்து எழுதறது.

கேசட் வந்து சேர்ந்துச்சு சாமி. வேலுமணி தம்பி ஊட்டுக்கே வந்து குடுத்துட்டு ஒரு காப்பி குடிச்சுட்டுப் போச்சு. உங்க பாவா அதை மொதல்ல மண்டிக்கு எடுத்துட்டுப் போய், மூட்டை தூக்கறவங்க வரைக்கும் 'ஜெர்மனி கேசட்டுங்க'ன்னு காட்டிட்டுத்தான் ஊட்டுக்குக் கொண்டுவந்தாரு.

மொத அஞ்சு பாட்டு நல்லாத்தான் இருக்குது. மழைத்துளி இலை மேல சறுக்குது. தேத்தண்ணிக் கெண்டிக்கும் கிண்ணத்துக்கும் கல்யாண ஊர்வலம் போகுது. பூஜிதா எந்திரிச்சு நின்னு குதிச்சா. அப்புறம் நம்ம டம்ளர் சொம்பையெல்லாம் வரிசையா நிறுத்தி ஊர்வலம் வுட்டா, சீனா கப்பு ரெண்டு போச்சு. போகட்டும்.

ஆறாவதுதான் தம்பி. ஒரு குருவிக்கூடு, ஒரே ஒரு குஞ்சு. ஆத்துல வெள்ளம் ஏறுது. தாய்க்குருவி குச்சி கொண்டாரப் போகுது, வருது, போகுது. அப்புறம் வரலை. குஞ்சு வாயைத் தொறந்துட்டே இருக்குது. வாத்தியம் வேற மண்டையில இடிக்கற மாதிரி ஏறிட்டே போயி டக்குனு நின்னுபோகுது. திரை கறுப்பு. கண்ணைத் தொடைக்கறதுக்குள்ள ஏழாவது பாட்டுல குதிரைங்க டான்ஸ் ஆடுது.

'அம்மா எங்க?'ன்னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல? அதுல யாராச்சும் ஒரு வார்த்தை பேசினாத்தானே. 'பின்னாடி வரும் கண்ணு'ன்னு சொல்லிப்போட்டேன். நம்பலை. அழுதா பாரு, அப்படி ஒரு அழுகை. ரெண்டு நாளாச் சோறு எறங்கலை. நான் சமையல்கட்டுக்குப் போனாக்கூட முந்தானையைப் புடிச்சுட்டே வாரா.

கேசட்டை எடுத்து பீரோ மேல வெச்சுப்போட்டேன். பெரியவங்களுக்கு நல்ல படமா இருக்கும். நாலு வயசுக்கு ஆகாதுன்னு எனக்குப் படுது. நீ படிச்சவன், நீ என்ன சொல்றே? போன் மண்டியில உங்க பாவா மேசையில இருக்குது. அங்க வந்து நான் பேச முடியாது. எழுது.

கோமளா


ஸ்டுட்கார்ட்
15-9-1993

அக்கா,

பீரோ மேல வைக்கிறதுக்கா இத்தனை தூரத்திலிருந்து அனுப்பினேன்?

நேராவே சொல்றேன், கோவிச்சுக்காதே. கோவிச்சாலும் பரவாயில்லை. தப்பு படத்துல இல்லை, உன் முந்தானையில இருக்கு. குழந்தை அழுதா உடனே தூக்கிக்கறது, பொய் சொல்லிச் சமாதானம் பண்றது, பொருளை ஒளிச்சு வைக்கிறது. இப்படி வளர்த்தா நாளைக்குக் காதுகுத்தறப்போ ஆசாரியைப் பார்த்ததும் கோயிலையே ரெண்டாக்குவா. மாமன் மடியில உட்கார்ந்து ஊரே பார்க்கக் கத்துவா. எனக்கு அது வேண்டாம்.

எங்க கம்பெனியில புது பம்ப்செட்டை அப்படியே கிணத்துல இறக்க மாட்டோம். டெஸ்ட் பெஞ்சுல ஏத்தி முழு லோடு குடுத்து எட்டு மணி நேரம் ஓட விடுவோம். மொதல்ல சத்தம் போடும், சூடாகும். பயந்துபோய் நிறுத்தினா அந்தப் பம்ப் காலம் முழுக்கத் தகராறுதான். தொடர்ந்து ஓட விட்டா உள்ளே எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசிப் படிஞ்சு சத்தம் தானா அடங்கிடும். பயமும் அதே மாதிரிதான்.

அதனால இப்படிச் செய். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரே நேரத்துக்கு. லைட்டை அணைச்சிடு. சத்தத்தை நல்லா ஏத்தி வை, அந்த இசையைக் குறைச்சுக் கேட்கக்கூடாது. ஆறாவது பாட்டை ஓட்டித் தள்ளாதே. முக்கியமா அவளை மடியில வெச்சுக்காதே, நடுவுல பேசாதே. இங்கே வீட்டம்மா மார்க்குஸ்கிட்டத் தொணதொணன்னு பேசிக்கிட்டே இருக்காங்க, இசையே கெட்டுப்போகுது. அப்படிப் பண்ணாதே. இருபது நாள். அதுக்கப்புறம் அவளே கேட்பா.

இந்தக் கடிதத்தை பாவாகிட்டயும் காட்டு. உனக்கு மனசு வராது, அவர் செய்வார்.

கேசவன்


மேட்டுப்பாளையம்
12-10-1993

தம்பி கேசவனுக்கு,

உன் கடுதாசியை உங்க பாவா ரெண்டு தடவை சத்தமாப் படிச்சாரு. பம்ப்செட்டு எடத்துல நிறுத்தி 'பாத்தியா, எப்படிப் புட்டுப் புட்டு வெக்கறான்'னாரு. அன்னிக்கு ஆறு மணிக்கே ஆரம்பிச்சாச்சு.

மொத நாள் கத்தினா. ரெண்டாம் நாள் எந்திரிச்சு ஓடப் பாத்தா, உங்க பாவா கதவைச் சாத்திட்டு வாசப்படியில நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. நான் கைநீட்டினதுக்கு, 'உன் தம்பி என்ன எழுதியிருக்கறான்?'ன்னு கேட்டாரு. நான் சமையல்கட்டுக்குப் போயிட்டேன். நாலாம் நாளோட அழுகை நின்னுபோச்சு.

இப்ப முழுசாப் பாக்கறா. ஞாயித்துக்கெழமை மண்டிக்காரங்க குடும்பத்தோட வந்தா அவளை முன்னாடி உக்கார வெச்சுப் போட்டுக் காட்டறாரு. 'நாலு வயசுக்கு இந்த சங்கீதம் புரியுதுங்களே, மாமன் மூளைங்க'ன்னு அவங்களும் சொல்லிட்டுப் போறாங்க. போன வாரத்துல இருந்து அவளே ஆறு மணி ஆனா டெக் முன்னாடி போய் உக்காந்துக்கறா. நீ சொன்னது சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. உனக்கு சந்தோசமா இருக்கும்.

இதோட நிறுத்திக்கலாம்னுதான் இருந்தேன். மடிச்சு ஒட்டப் போயி மறுபடியும் பிரிச்சு எழுதறேன்.

அவ குதிரையைப் பாக்கறது இல்லை தம்பி. ஏழாவது பாட்டு, எட்டாவது பாட்டு ரெண்டுலயும் திரையோட மூலையைப் பாக்கறா. வானம் எங்க தெரியுதோ அங்க. நேத்து பக்கத்துல உக்காந்து, 'என்ன கண்ணு பாக்கறே?'ன்னு கேட்டேன். 'குருவியம்மா பின்னாடி வரும்னு நீதானே சொன்னே'ன்னா. அழுகை இல்லை, கோபம் இல்லை. கணக்குக் கேக்கற மாதிரி கேட்டா.

அதுக்காகத்தான் தினமும் உக்காந்திருக்கறா. இன்னிக்காச்சும் வருதான்னு பாக்கறதுக்கு.

நான் சொன்ன பொய்யி அது. இப்ப அதை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு தெரியலை. உங்க பாவாகிட்டச் சொன்னா சிரிப்பாரு. அதான் உனக்கு எழுதறேன்.

கோமளா


ஸ்டுட்கார்ட்
26-10-1993

அக்கா,

உன் கடிதம் நேத்து வந்தது. உடனே நிறுத்து. இன்னும் ஓடிக்கிட்டிருந்தா இந்தக் கடிதத்தைப் பாதியில வெச்சுட்டுப் போய் கேசட்டை வெளியே எடு.

இன்னைக்குக் காலையில போஸ்ட் ஆபீசுக்குப் போய் மண்டிக்குப் போன் பண்ணினேன். பாவாதான் எடுத்தார். 'நிறுத்திடுங்க'ன்னு சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள, 'கேசவா, உன் வைத்தியம் பலிச்சிருச்சு, பொண்ணு கல்லு மாதிரி உக்காந்து பாக்கறா'ன்னு சிரிச்சார். நான் நிறுத்தச் சொன்னேன். 'நல்லாப் போயிட்டிருக்கறதை ஏன்டா நிறுத்தணும்'னார். பின்னாடி ஏலம் விடற சத்தம். லைன் போயிடுச்சு.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இதை எழுதக் கை வரலை, ஆனா சொல்லாம இருந்தா அது வேற விதமான பொய். அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை. மார்க்குஸ் சிரிக்கற சத்தமும் வீட்டம்மா பேசற சத்தமும் மாடியில எனக்குக் கேட்கும், அவ்வளவுதான். அதை வெச்சுத்தான் வாங்கினேன், அதை வெச்சுத்தான் உனக்குச் சட்டமும் எழுதினேன். நேத்து சாயங்காலம் வீட்டம்மாகிட்டக் கேட்டுக் கீழே உட்கார்ந்து முதல் தடவையாப் பார்த்தேன்.

ஆறாவது பாட்டு வந்ததும் அந்த அம்மா பையனைக் கிட்ட இழுத்துக்கிட்டாங்க. காதுல பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு இப்போ கொஞ்சம் ஜெர்மன் புரியும். 'அந்த அம்மா செத்துப்போச்சு. பாவம். ஆனா குஞ்சுக்கு இறக்கை முளைச்சிருக்கு பாரு, அது பறந்துடும். அடுத்து குதிரை வருது, உனக்குப் பிடிச்ச குதிரை.' அவன் தலையை ஆட்டினான். குதிரையைப் பார்த்துச் சிரிச்சான். அந்தத் தொணதொணப்பைத்தான் நான் உன்னைச் செய்யாதேன்னு எழுதினேன்.

இன்னொண்ணு. கேசட் பெட்டி மேல ஆறு வயசு முடிஞ்சவங்களுக்குன்னு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வாங்கும்போதே படிச்சேன். நம்ம பூஜிதா கெட்டிக்காரி, அதெல்லாம் மத்தவங்களுக்குன்னு நினைச்சேன். பம்ப் மேல இருக்கிற தகட்டுல போட்டிருக்கிற அழுத்தத்தை நான் ஒரு நாளும் தாண்டினது கிடையாது. இங்கே தாண்டினேன்.

படத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன். அந்த வயலின் நல்ல சங்கீதம்தான். குழந்தைக்கு ஆகுமா ஆகாதான்னு கேட்டா, பக்கத்துல உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்தா ஆகும். நான் அந்த ஆளை எழுப்பி வெளியே அனுப்பிட்டேன்.

கேசவன்


மேட்டுப்பாளையம்
15-11-1993

தம்பி கேசவனுக்கு,

உன் கடுதாசி வந்த அன்னிக்கே கேசட்டை எடுத்துட்டேன். உங்க பாவா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருந்தாரு. 'உன் தம்பிக்கு எதுலயும் ஒரு நிலை இல்லை'ன்னாரு. போகுது. அவரும் கெட்டவரு இல்லை, பெருமைப்படறதுக்கு ஒண்ணு கெடைச்சுது, அதைப் புடுங்கிட்டோம்.

பூஜிதா மூணு நாள் ஆறு மணிக்கு டெக் முன்னாடி வந்து உக்காந்தா. நாலாம் நாள் வரலை. ஒண்ணும் கேக்கவும் இல்லை.

ரொம்ப நல்ல புள்ளையா இருக்கறா. அதைத்தான் எழுதணும்னு பேனாவை எடுத்தேன். போன வாரம் வெளியில வெளையாடிட்டு வந்தவ என் பக்கத்துல வந்து சும்மா நின்னா. நான் வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். என்னடா ரொம்ப நேரமா நிக்கறாளேன்னு திரும்பிப் பாத்தா, முழங்கால்ல இருந்து ரத்தம் கணுக்கால் வரைக்கும் எறங்கியிருக்குது. லாரிப் படியில வுழுந்திருக்கறா. 'ஏங்கண்ணு சொல்லலை?'ன்னு கேட்டா, 'நீங்க வேலையா இருந்தீங்கம்மா'ங்கறா. என்னைப் போயி 'ங்க' போடறா தம்பி.

முந்தாநாள் தீபாவளி. தெருவுல இருக்கற வாண்டுங்க எல்லாம் வெடிச் சத்தத்துக்குக் கத்திக் கூத்தடிக்குது. இவ ரெண்டு கையையும் மடக்கி வெச்சுட்டுப் படியில உக்காந்திருந்தா, எல்லா வெடியும் தீர்ற வரைக்கும். பக்கத்து ஊட்டு அம்மிணி, 'உங்க புள்ளைதானுங்க புள்ளை, எங்களுதைப் பாருங்க'ன்னாங்க. நான் சிரிச்சு வெச்சேன்.

நீ உன்னையவே திட்டிட்டு உக்காந்திருக்காதே. பொய் சொன்னது நான், கதவைச் சாத்தினது அவரு. தைக்கு வா. உன்னைய நேர்ல பாத்து, உன் மடியில உக்காந்தா எல்லாம் பழையபடி ஆயிரும்.

கோமளா


ஸ்டுட்கார்ட்
6-2-1994

அக்கா,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். இங்கே பனி முழங்கால் வரைக்கும்.

பதினஞ்சு நாள் உங்க வீட்டுல இருந்தும் இதை உன்கிட்டப் பேசலை. எப்பவும் ஆள் இருந்தாங்கன்னு சாக்குச் சொல்லலாம். எனக்குத் தைரியம் வரலைங்கறதுதான் நிஜம்.

நான் வந்த அன்னைக்குப் பூஜிதா கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நேரா எதிர்ல வந்தா. 'வாங்க மாமா'ன்னா. பொம்மையை நீட்டினேன், 'சரிங்க மாமா'ன்னு வாங்கி வெச்சா. தோட்டத்துக்குப் போலாமான்னு கேட்டா 'சரிங்க மாமா'. வேண்டாம், வீட்டுலயே இருக்கலாமான்னா அதுக்கும் 'சரிங்க மாமா'. அந்தக் குருவி வராதுன்னு நானே சொல்லிடணும்னு ப்ளேன்ல ஒத்திகை பார்த்துக்கிட்டு வந்தேன். இந்த 'சரிங்க'வுக்கு முன்னாடி அதைச் சொல்லாமலேயே விட்டுட்டேன்.

கோயில்ல நடந்தது உனக்குத் தெரியாது. நீ எதிர்ல தட்டோட நின்னே, முகம்தான் தெரிஞ்சிருக்கும். முகத்துல ஒண்ணும் இல்லை. நான் மடியில வெச்சிருந்தேன். என் இடது கை அவ நெஞ்சு மேல இருந்தது. உடம்பு பலகை மாதிரி, நெஞ்சு மட்டும் என் உள்ளங்கையைக் குத்திக்கிட்டே இருந்தது. ஓடற பஸ்ஸுக்குள்ள மாட்டின குருவி கண்ணாடியில மோதற மாதிரி. மூச்சை அடக்கி வெச்சிருந்தா. ஆசாரி ஊசியை ஏத்தினார். ஒரு சத்தம் வரலை. அண்ணாந்து என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, 'முடிஞ்சுதுங்களா மாமா?'ன்னா. 'இன்னொரு காது இருக்கு சாமி'ன்னேன். அவளே தலையைத் திருப்பிக் குடுத்தா.

யாரும் பிடிக்கலை. அவளே திருப்பினா.

'அழு கண்ணு, கத்து'ன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுத்தி இரு வீட்டுச் சனம், மேளம் வேற. சொல்லலை. ஊரே பார்க்கக் கத்தக்கூடாதுன்னு நான்தானே கேட்டிருந்தேன். பாவா என் முதுகுல தட்டி, 'மாமன் மடி ராசிடா, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை பாரு'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. கீழே இறக்கி விட்டப்புறம்தான் பார்த்தேன், என் பட்டு வேட்டி நனைஞ்சிருந்தது. சந்தனம் கொட்டிடுச்சுன்னு சொல்லி மாத்திக்கப் போயிட்டேன்.

எனக்கு ரிப்பேர் பண்ணத்தான் தெரியும் அக்கா. எங்கே பிரிக்கணும், எதை மாத்தணும்னு இதுல தெரியலை. இனி யோசனை எதுவும் சொல்ல மாட்டேன். உனக்கு என்ன தோணுதோ அதைச் செய். என்னைக் கேட்காதே.

கேசவன்


மேட்டுப்பாளையம்
3-3-1994

தம்பி கேசவனுக்கு,

வேட்டி விசயம் எனக்கு அன்னிக்கே தெரியும். துவைச்சது நான்தானே.

உன்னைக் கேக்காமத்தான் செஞ்சேன். போன செவ்வாக்கெழமை உங்க பாவா ஊட்டி போயிருந்தாரு. மத்தியானம், நல்ல வெளிச்சத்துல, கேசட்டை நானே போட்டேன். சத்தத்தைச் சுத்தமாக் கொறைச்சுட்டேன், அவளைத் தூக்கி மடியில வெச்சுட்டேன். ஆறாவது வந்துச்சு. தாய்க்குருவி கடைசித் தடவை போகுதில்ல, அங்க நிறுத்தினேன். அந்தப் படம் நடுங்கிட்டே நின்னுச்சு.

'கண்ணு, இது இனிமே வராது. பின்னாடியும் வராது. அம்மா உன்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்'னேன்.

'இன்னொரு தடவை போட்டாலுமா?'ன்னு கேட்டா. 'எத்தனை தடவை போட்டாலும்'னேன்.

அப்புறம் அழுதா தம்பி. மொதல்ல சத்தமே இல்லாம வாய் மட்டும் கோணுச்சு. அப்புறம் வந்துச்சு பாரு, தெருவே எட்டிப் பாத்துச்சு. பக்கத்து ஊட்டு அம்மிணி, 'ஏனுங்க, புள்ளைக்கு என்னாச்சுங்க?'ன்னு ஓடி வந்தாங்க. ஒண்ணும் இல்லைங்க, அழுவறாளுங்கன்னேன். என்னைய அடிச்சா, கையைக் கடிச்சா. ஆறு மாசத்தையும் சேத்து அழுத மாதிரி இருந்துச்சு. நான் சமாதானப்படுத்தவே இல்லை. அந்த அழுகை நிக்கவேண்டாம்னு எனக்கு இருந்துச்சு.

சாயங்காலம் முழங்கால்ல சின்னச் சிராய்ப்பு, அதைக் காட்டி ஒரு பாட்டம் அழுதா. சோத்துல மொளகா கெடந்துச்சுன்னு ஒரு பாட்டம். உங்க பாவா வந்து, 'என்ன மறுபடியும் ஆரம்பிச்சுட்டாளா?'ன்னாரு. ஆமாங்கன்னேன்.

இதை எழுதினா உனக்கு மனசு ஆறும்னு தெரியும். அதனாலதான் மிச்சத்தையும் எழுதறேன், நீயும் எனக்கு எதையும் மறைக்கலையே. அழுவறப்ப அவ எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டா. என்னைய, அவங்கப்பனை, பக்கத்து ஊட்டு வம்சியை, பால்காரர் கந்தப்பனைக்கூட. நான் காதைத் தீட்டிக் கேட்டுட்டே இருந்தேன்.

உன்னைய மட்டும் கூப்பிடலை.

கோமளா